எல்லோரும் சிரித்த வரி

14-8-1998, வெள்ளி

பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் ஒன்றை நம்ம ஊருக்கு ஏற்றபடி பாட்டு நடையில் எழுதியிருக்கிறேன். இன்று சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை மன்றத்தில் முதல் ஒத்திகை. மனைவி புருஷனை விட்டுப் போகும் இடத்தை, ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை செய்யும் சாந்தி வாசித்தாள்:

"பக்கத்தில் நீயிருந்தும் பேச்சுக்கோர் ஆளில்லை,
பங்காருப்பேட்டைக்கு பஸ்ஸேறினால் தொல்லையில்லை."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஊர்ப் பேர விட்டா, இது பிரெஞ்சுலயே இருக்குதாண்ணா?" என்று சாந்தி கேட்டாள்.

"இருக்குதும்மா" என்றேன்.

இல்லை. அது ஆறு வருஷத்துக்கு முன் என் மனைவி கமலா என்னை விட்டுப் போன அன்று வாசலில் நின்று சொன்னது. சந்தத்துக்காக இரண்டு சொல்லைத்தான் மாற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மேடையிலாவது இன்னொரு தரம் கேட்கலாம்.