கால் ஆணி வெட்டிய நாள்

அம்மாபேட்டை, சேலம்
8-6-1936

தங்கச்சி சௌந்திரத்துக்கு,

நீயும் குழந்தைகளும் சுகந்தானே? உன் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி மாப்பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூசுகிறது. ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு விரல்களை எடுத்த பிறகு நீ எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

சென்னை மெடிக்கல் கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. மாப்பிள்ளை கொடுத்த புகாரின் நகலும் கூடவே இருக்கிறது. நீரிழிவு உண்டா என்று பார்க்காமலே நான் கால் ஆணியை வெட்டியதால்தான் புண் அழுகிற்றாம். இருபத்தொரு நாளுக்குள் நோயாளிப் பதிவேட்டோடு பதில் அனுப்ப வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். குற்றம் என்று பட்டால் டாக்டர்கள் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பதினான்கு வருஷமாக இங்கே தறிக்காரர்களின் கால்களைப் பார்த்தே பிழைக்கிறேன். வேறு தொழில் தெரியாது.

சிறுநீரைச் சோதித்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. அன்று நீதான் கூட இருந்தாய். பார்த்ததாக இரண்டு வரி எழுதி அனுப்பு. மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

உன் அண்ணன்,
கந்தவேல்


நாமகிரிப்பேட்டை
13-6-1936

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இவர் தடியூன்றி வாசல்வரை நடக்கிறார். மஞ்சள் காட்டுக்குப் போக முடியாமல் எல்லோர்மீதும் எரிந்து விழுகிறார்.

அண்ணா, அன்று நீங்கள் சோதிக்கவில்லை. இவர் ஒன்றுக்குப் போகும் இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று இவருக்குக் கேட்காமல் உங்கள் காதோடு சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, அஞ்சு நிமிசத்துல ஊட்டுக்குப் போயிரலாம்” என்று கத்தியை எடுத்தீர்கள். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நீங்கள் களைத்திருந்ததையும் பார்த்தேன்.

எறும்பு விஷயத்தை இவரிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் புகாரில் சேர்ப்பார். கவுன்சிலில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன செய்வேன்? தபால்காரர் தெருவில் திரும்பினாலே இவருக்கு முன்னால் வாசலுக்கு ஓடுகிறேன்.

நீங்கள் கேட்ட இரண்டு வரியை என்னால் எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சௌந்திரம்


சென்னை
2-9-1936

சௌந்திரத்துக்கு,

கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை. அந்தப் பதிவேட்டையே கவுன்சிலுக்கு அனுப்பினேன்.

முந்தாநாள் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒன்பது டாக்டர்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் பதிவேட்டை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த வரியின் மை மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளையின் வக்கீல் எழுந்து, நோயாளியின் மனைவியைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்றார். உன்னை அந்த மேஜை முன் நிறுத்துவார்கள் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

“அவளைக் கூப்பிட வேண்டாமுங்க. விரல் எடுத்த பொறகு நான்தான் எழுதிச் சேத்தேன்” என்றேன். நீ எச்சரித்ததையும் சொன்னேன்.

பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து மனுப் போடலாமாம்.

இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. நான் வந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுது.

கந்தவேல்


நாமகிரிப்பேட்டை
8-9-1936

அண்ணாவுக்கு,

வாசித்துக் காட்டினேன். நான் எச்சரித்த இடம் வந்ததும், இத்தனை மாதம் ஏன் மறைத்தாய் என்று கேட்டார். இரண்டு நாள் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார்.

இன்று காலை அவராகவே சொன்னார்: “உங்கண்ணன் வரட்டும். சாப்பிட்டுட்டுப் போகட்டும். காலை மட்டும் தொட வேண்டாம்னு எழுதீரு.”

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

சௌந்திரம்