ரெட்டியபட்டிப் புஞ்சையில் பிடித்த காற்று

29.1.74, செவ்வாய்
காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். எம்.ரெட்டியபட்டி சோளப் புஞ்சையில் உச்சி வேளைக்கு மூன்று கண்ணாடிக் குடுவை காற்று. கைப்பம்பு, மூடி, மெழுகு. என் மூச்சு கலந்துவிடாமல் தம் பிடித்து நின்றதில் தலைசுற்றல். சோள இலை, பருத்தி இலை தனித்தனிப் பையில்.

இலைக்குள் கனமான கரி (கார்பன்) எவ்வளவு, லேசான கரி எவ்வளவு என்று பம்பாய் லேபில் உள்ள மெஷின் சொல்லும். ஆனால் அன்றைய காற்றும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் மாறியது காற்றா செடியா, எவன் சொல்வான்? மூன்று வருஷ ஆராய்ச்சிப் பாடு. நாளை அறுப்பு.

30.1.74, புதன்
திருச்சுழி தாலுகா ஆபீஸ். மழைக் கணக்கு கேட்டால் கிளார்க் லீவாம். சனியன்.

பஸ் நெரிசலில் உடையும் என்று குடுவைகளை வீட்டுக்கார அக்காவிடம் (மளிகைக்கடைக்காரர் மனைவி, என் பின்கட்டு அறை அவர்களுடையது) பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் திருப்பித் தந்தார். மூன்றிலும் கழுத்துவரை எள்!

"என்னக்கா இது?"

"அடுத்தவுக பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுப்பாகளா தம்பி? மூடி இறுகிக் கெடந்துச்சு, அவுகதான் திருகித் தொறந்தாக. கழுவித் தொடச்சுத்தான் போட்டேன்."

"அதுல காத்து இருந்துச்சுக்கா!"

"காத்தா? வெளிய அம்புட்டுக் கெடக்கே, அள்ளிக்கிட்டுப் போங்க."

கத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு புஞ்சைக்கு ஓடினேன். மொத்தமும் அறுத்துக் கட்டியாச்சு.

31.1.74
அருப்புக்கோட்டை தபாலாபீஸ். என் ஆராய்ச்சிக் கைடுக்கு டிரங்க் கால். இரண்டு மணி நேரக் காத்திருப்பு, மூன்று நிமிஷப் பேச்சு.

"எந்தக் காத்தா இருந்தா என்னய்யா? இன்னைக்குப் பிடி, இருபத்தொன்பதுன்னு எழுது. மெஷின்ல நம்ம முறை போச்சுன்னா ஒரு வருஷம் ஆகும்."

அக்காவுக்காவது தெரியாது. படித்த மனுஷனுக்கு என்ன கேடு?

1.2.74, வெள்ளி
குடுவைகளை நாலு தடவை அலசி, காயவைத்து, அறுத்த புஞ்சையில் மறுபடி பிடித்தேன். பிறகு லேபிள். பேனாவும் கையுமாக அரை மணி நேரம். 29 என்று போட்டால் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. பட்டம் வாங்கினால்தான் கல்யாணம் என்று ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1.2.74 என்றே எழுதினேன். கீழே, 'அறுப்புக்குப் பின்'. கைடு குதிப்பார், குதிக்கட்டும். அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய், அறுப்புக்கு முன்னால் மறுபடி காற்றுப் பிடிக்க அடுத்த தைக்கும் பின்கட்டு அறை எனக்கே வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன்.