முப்பத்தொன்றாம் நாள்

22 ஜனவரி 2007, திங்கள்

இன்று வேலைக்குப் போனேன். புறநகரான புவாண்ட்-கிளேர் வரை மெத்ரோவும் பஸ்ஸுமாக ஒன்றரை மணி நேரம். களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் பெண்ணா பையனா என்று கேட்டார். பெண் என்றேன். கைகொடுத்து வாழ்த்தினார். மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன்.

போன புதன்கிழமை பிறந்தாள். இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தாள். இதை அவரிடம் சொல்லவில்லை. பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டினேன். மாலை வரை.

23 ஜனவரி, செவ்வாய்

மருத்துவமனையில் தந்த உறையை இன்றுதான் திறந்தேன். இரண்டு படிவங்கள். ஒன்று பிறப்புக்கு, ஒன்று இறப்புக்கு. தாள் ஒரே தடிப்பு, ஒரே நீலம்.

பிறப்பைப் பதியாமல் இறப்பைப் பதியமாட்டார்கள். இறப்புப் பதிவின் பிரதி இல்லாமல் மயானத்து ஏட்டில் பெயர் ஏறாது. மண் உறைந்திருக்கிறது, மே மாதம் இளகிய பிறகுதான் அடக்கம். அதுவரை அவர்களுடைய கற்கட்டிடத்தில் வைத்திருப்பார்களாம். எங்களில் இவ்வளவு சிறிய பிள்ளையை எரிப்பதில்லை. காத்திருக்க வேண்டும்.

சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழ்ச் சங்கத்தில், வரிசையில். பிரெஞ்சு தெரிந்தவன், பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறவன், கேட்டால் மறுக்காதவன். எல்லாப் பெட்டிகளையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். ஒன்றைத் தவிர.

பிள்ளையின் பெயர்.

தாதி கேட்டபோது, எங்களில் முப்பத்தொன்றாம் நாள்தான் பெயர் வைப்பது என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மணிக்கட்டுப் பட்டியில் "பெண் குழந்தை" என்று எழுதினாள். அப்போது பிள்ளைக்கு வயது பதினைந்து நிமிடம்.

27 ஜனவரி, சனி

ஜெகதீஸ்வரிச் சித்தி வந்தார். என் மனைவி தனுஷிகாவின் தாயின் தங்கை. இந்த ஊரில் அவளுக்கு இருக்கிற ஒரே சொந்தம். பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்குத்தூள் போட்டுக் கறி வைத்துக்கொண்டே தனுஷிகாவிடம் சொன்னார்:

"பிள்ளை, உப்பிடிப் போனதுகளுக்கு முப்பத்தொண்டு செய்யிறேல்ல. பேரும் வைக்கிறேல்ல. பேர் வைச்சா மறக்க ஏலாது."

"ஆர் சித்தி மறக்கப் போகினம்?"

"உன்ர நல்லதுக்குத்தான் சொன்னன்."

"எல்லாப் பிள்ளையளுக்கும் செய்யிறதுதான் இவளுக்கும். முப்பத்தொண்டு அண்டைக்குப் பேர் வைப்பன்."

சித்தி அகப்பையைக் கழுவினார். கழுவியதையே திரும்பவும் கழுவினார். போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாக: "நீ படிச்சனி தம்பி. எடுத்துச் சொல்லு."

நான் படித்த எதிலும் இது இல்லை.

30 ஜனவரி

தனுஷிகாவுக்குப் பால் கட்டியிருக்கிறது. கோவா, அதுதான் முட்டைக்கோசு, இலை வைக்கச் சொல்லி மருத்துவமனையில் சொன்னார்களாம். குளிர்சாதனப் பெட்டியில் கோவா. வேறொன்றும் எழுத முடியவில்லை.

4 பெப்ரவரி, ஞாயிறு

இரண்டு இடியப்பம் சாப்பிட்டாள். பிறகு தானாகவே சொன்னாள்:

"மூண்டாம் மாசத்திலையே பேர் யோசிச்சிட்டன்."

"என்ன பேர்?"

"அண்டைக்குத்தான் சொல்லுவன். முதல் சொல்லக்கூடாது."

"எனக்கு மட்டும்."

"உங்களுக்கே? கருத்துச் சரியில்லை, ஓசை சரியில்லை எண்டு ஒரு கட்டுரை எழுதிப்போடுவியள்."

சிரித்தாள். நானும். உடனே இருவரும் நிறுத்திக்கொண்டோம், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல.

8 பெப்ரவரி, வியாழன்

படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். மற்றவர்களுக்கு நிரப்பும்போது முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். பிறந்து முப்பது நாட்களுக்குள் பதிய வேண்டும்.

நாட்காட்டியை எடுத்தேன். ஜனவரி 17. முப்பது நாள் என்றால் பெப்ரவரி 16, வெள்ளி. முப்பத்தொன்று என்றால் சனி, பதிவகம் பூட்டு. அவர்களுடைய சட்டத்துக்கும் எங்களுடைய வழக்கத்துக்கும் ஒரு நாள் பொருந்தவில்லை. ஒரே ஒரு நாள்.

சொல்லத்தான் போனேன். அவள் நாவல் நிறச் சீலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "அண்டைக்கு உடுக்க" என்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு வேலையைத் தொடங்கி முடித்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டேன். கோழை? இல்லை, அன்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

13 பெப்ரவரி

பதிவகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பிந்தினாலும் ஏற்பார்களாம். ஆனால் அது வேறு வழி: சாட்சிகள், சத்தியக் கடிதங்கள், பரிசீலனை. எவ்வளவு காலம்? மாதக்கணக்கில் ஆகலாம், ஐயா.

மே மாதம் மண் இளகிவிடும். பெயரில்லாமல் அடக்கம் செய்வதா? மயானத்து ஏட்டிலும் "பெண் குழந்தை"யா?

15 பெப்ரவரி, வியாழன்

வேலைக்கு என்று சொல்லிவிட்டுப் பதிவகத்துக்குப் போனேன்.

இலக்கச் சீட்டு 64. முன்னால் ஒரு தம்பதி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. அவர்களும் பிறப்புக்குத்தான் வந்திருந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என் தாயின் வயதிருக்கும். இரண்டு படிவங்களையும் பார்த்தாள். தேதிகளைப் பார்த்தாள். ஒரே தேதி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"முதற்பெயர் வெறுமையாக இருக்கிறது, ஐயா."

விட்டுவிடலாமா என்று கேட்டேன். முடியாது என்றாள். அவசரமில்லை, அங்கே உட்கார்ந்து எழுதுங்கள் என்று ஒரு பேனாவைத் தள்ளினாள். தயவாகத்தான்.

உட்கார்ந்தேன். இத்தனை புத்தகம் படித்தவனுக்கு ஒரு பெயர் வரவில்லை. அவள் மனதில் எது இருக்கும்? ஊகித்துத் தவறினால்? எதுவும் வேண்டாம், யாருடைய பெயராகவும் இல்லாத ஒன்று, இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களும் சிரமமில்லாமல் சொல்லக்கூடிய ஒன்று —

லீனா.

அந்தப் பெண் வாசித்தாள். "அழகான பெயர்" என்றாள். நன்றி சொன்னேன். வெளியே வந்தேன்.

சனிக்கிழமை அவள் பெயரைச் சொல்லட்டும். பிறகு மெல்ல விளங்கப்படுத்தலாம். ஒரு நாள்தானே பொருந்தவில்லை. விளங்கிக்கொள்வாள்.

16 பெப்ரவரி, வெள்ளி

விடிய ஆறு மணிக்குத் தண்ணீர்ச் சத்தம். எழும்பி வந்தேன். தலை முழுகி, நாவல் நிறச் சீலை உடுத்து, சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நின்றாள்.

"முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

"இண்டைக்கு என்ன?"

"என்னப்பா, முப்பத்தொண்டெல்லோ."

"அது நாளைக்குத்தானே. சனிக்கிழமை."

பெருவிரலால் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணிக் காட்டினாள். "பதினேழு ஒண்டு. பதினெட்டு ரெண்டு. பத்தொன்பது மூண்டு —"

பிறந்த நாளே முதல் நாள். எங்கள் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் எண்ணுவார்கள். எனக்கும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். நான் பிறந்த நாளை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறேன். பதிவகம் எண்ணுவது போல. அவள் இருந்த ஒரே நாளை விட்டுவிட்டு.

அவர்களுடைய முப்பதும் எங்களுடைய முப்பத்தொன்றும் ஒரே நாள். இன்று. கவுண்டர் பின்னேரம் வரை திறந்திருக்கும்.

"பேர் எழுதுற போம் எங்கை? நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ. பேந்து ரெண்டு பேருமாப் போய்க் குடுப்பம்."

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னேன்.

அழவில்லை. "என்ன பேர்?" என்றாள்.

"லீனா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான்."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"எண்டைக்கு முப்பத்தொண்டு எண்டு என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

"இப்பவே போவம் தனு. மாத்தித் தாங்கோ எண்டு கேப்பம். நீ பேரைச் சொல்லு."

"போய்? வெட்டிப்போட்டு எழுதுறதே? என்ர பிள்ளைக்கு வெட்டி எழுதின பேரோ?"

பின்னேரம் வரை சீலையை மாற்றவில்லை.

17 பெப்ரவரி, சனி

பெயரைத் திரும்பவும் கேட்டேன். "அதையாவது நான் வைச்சிருக்கிறன்" என்றாள்.

2 மார்ச்

பேசுகிறோம். உப்பு, வாடகை, பனி, சித்தியின் முழங்கால்.

20 மார்ச், செவ்வாய்

தபாலில் வந்தன. இறப்புப் பதிவின் பிரதி, இரண்டு. தேவை ஒன்று, ஏன் இரண்டு வந்தது என்று யோசித்தேன். நான்தான் இரண்டு என்று அடையாளமிட்டிருக்கிறேன். ஒன்று மயானத்துக்கு. மற்றது எங்கே வைக்க?

தனுஷிகா வாங்கி வாசித்தாள். அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவு வராது. விரலை வைத்து வாசித்தாள். பிறந்த நேரம். இறந்த நேரம். தாய்: அவளுடைய பெயர். அங்கே விரல் நின்றது.

"எங்கட பள்ளிக்கூடத்தில லீனா எண்டு ஒரு மிஸ் இருந்தவ" என்றாள். "நல்லா அடிப்பா."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

11 ஏப்ரல்

கனவில் 64 என்று கூப்பிட்டார்கள். என்னிடம் இருந்த சீட்டு வேறு.

5 மே, சனி

மண் இளகிவிட்டது.

நாங்கள் இருவர், சித்தி, மயானத்து ஆள் ஒருவர். சித்தியின் கையில் ஒரு பை நிறையப் பூ. செய்வதில்லை என்று சொன்னவர்தான். வெள்ளைப் பெட்டி, ஒரு சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த ஆள் பிரதியைப் பார்த்து ஏட்டில் எழுதினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு சத்தமாக வாசித்தார்: லீனா. தனுஷிகா தலையசைத்தாள். ஓம், சரி என்பது போல.

பெட்டியை இறக்கப் போனார். "ஒரு நிமிசம்" என்றாள், தமிழில். அந்த ஆளுக்கு விளங்கியது.

ஈர மண்ணில் முழங்காலிட்டாள். பெட்டியின் தலைப்பக்கம் எது என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். காட்டினேன். பெயர் வைக்கும்போது பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்வது வழக்கம். குனிந்து, மூடியில் வாயை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். நான் இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். ஒருமுறை. இடைவெளி. ஒருமுறை. நெடுநேரம் கழித்து இன்னொருமுறை.

கிட்டப் போயிருந்தால் கேட்டிருக்கும். போகவில்லை.

பிறகு கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கிவிட்டேன். இருவர் கையிலும் மண். பஸ் வரும்வரை விடவில்லை, அவளும், நானும்.