மாத்திரை முடியும்வரை

கீழ்பென்னாத்தூர்
1.7.2025

ஆதவன் அப்பாவுக்கு,

நலம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. போன் செய்தால் உங்கம்மா எடுத்து, "கொழந்த தூங்குது" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

மார்பில் பால் கட்டி நான் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரம்மா ஆன்டிபயாடிக் எழுதினார். "பால் குடுக்கிறவங்களுக்குன்னே பாத்து எழுதின மாத்திரம்மா. கொழந்தைக்கு வயிறு கொஞ்சம் எளகலாம், அவ்ளோதான். பால நிறுத்தினாதான் கட்டு ஜாஸ்தியாவும்" என்றார். நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். மறுநாள் உங்கம்மா என் அம்மா வீட்டுக்கு வந்து, "மாத்திர முடியிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று அவனைத் தூக்கிப்போனார். அப்போதும் தலையாட்டினீர்கள்.

பாலைப் பிழிந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறேன். பிள்ளையைக் கொண்டுவாருங்கள்.

உங்கள் எழில்

*

வேங்கிக்கால்
5.7.2025

அன்பு எழிலுக்கு,

ஆதவன் நலம். டப்பா பால் நன்றாகக் குடிக்கிறான். டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஆனால், "பச்ச கொழந்தைக்கு வெஷத்த ஊட்டச் சொல்றியாடா?" என்று அம்மா அழும்போது நான் என்ன செய்வது?

பௌர்ணமி முடியட்டும். கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராது. பிறகு நானே கொண்டுவருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பரசன்

*

கீழ்பென்னாத்தூர்
12.7.2025

ஆதவன் அப்பாவுக்கு,

மாத்திரை முடிந்தது. பௌர்ணமியும் முடிந்தது. பால் வற்றிக்கொண்டே வருகிறது. "கொழந்தய வச்சாத்தாம்மா ஊறும்" என்று டாக்டரம்மா திட்டுகிறார். எனக்குப் பஸ் ஏறத் தெம்பில்லை. நாளைக்கு வந்தால்கூடப் போதும்.

எழில்

*

வேங்கிக்கால்
16.7.2025

அன்பு எழிலுக்கு,

அவன் புட்டிக்குப் பழகிவிட்டான். பால்தான் வற்றிவிட்டதே, இப்போது என்ன அவசரம் என்று அம்மா கேட்கிறார். நாளை ஆடி பிறக்கிறது. எப்படியும் நீ அங்கேதான் இருக்க வேண்டும். ஆடி முடியட்டும்.

அன்பரசன்

*

கீழ்பென்னாத்தூர்
22.7.2025

அன்பரசனுக்கு,

நேற்று நீங்கள் ஆபீசில் இருந்தபோது வந்தேன். உங்கம்மா வாசலை மறித்தார். "எங்கிட்டதான் பாலே இல்லியே அத்த, வெஷம் எங்கேர்ந்து வரும்? குடுங்க" என்றேன். உள்ளே போய்த் தூக்கிவந்து கொடுத்துவிட்டார்.

ஆடி முடிந்ததும் அழைத்துப்போக வர வேண்டாம். எந்த மாதம் முடிந்தும் வர வேண்டாம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆதவன் என் மார்பை முட்டி முட்டிப் பார்த்து வீறிட்டான். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் அக்கா இருந்தாள். "இப்டி குடும்மா" என்று வாங்கிப் பால் கொடுத்தாள். வயிறு நிறையக் குடித்துத் தூங்கிப்போனான்.

அவள் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஆதவன் அம்மா
எழிலரசி