மூன்றாவது இதழ்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பதாக அப்பா சொல்கிறார், நம்புகிறேன். நாங்களும் சுகம்தான், என் முழங்காலைச் சேர்க்காவிட்டால். செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். அன்று என் பிறந்தநாளுக்கு உன் பெயரில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. இதை நீ அனுப்பவில்லை என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். அப்பா எதிரில் நின்றுகொண்டு, இப்பதான் தபால்காரர் குடுத்துட்டுப் போனாரு, பிரிச்சுப் பாரேன் என்று அவசரப்படுத்தினார். உறையை வாங்கினால் ஸ்டாம்பின் ஓரம் இன்னும் ஈரமாக இருக்கிறது. துணி மடித்துக்கொண்டிருந்த உன் அத்தை, பாத்தீங்களா அண்ணி, பொண்ணு மறந்துடுவாளா, நீங்கதான் அஞ்சு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க என்றாள். நான் சிரித்துவைத்தேன்.

அட்டை அழகாகத்தான் இருந்தது. நீல அட்டையில் மூன்று மஞ்சள் பூக்கள், அடியில் பஞ்சு டேப் ஒட்டி எழுப்பியவை, ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல். எழுத்து உன் எழுத்துபோல உருட்டி உருட்டி இருந்தது. ஆனால் பூவைத் திருப்பிப் பார்த்தேன், என் புத்திதான் உனக்குத் தெரியுமே. மூன்று பூவிலும் காம்பிலிருந்து மூன்றாவது இதழின் ஓரம் பிசிறடித்திருந்தது. வெட்டுப்படாமல் நின்றதை விரலால் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். நாம் விற்கிற அட்டைகளுக்குப் பூ வெட்டும் மிஷினின் தட்டில் அந்த இடம் பள்ளம் விழுந்து போனதால் பூ அச்சு அங்கே அழுந்தாது, நீதானே பழைய பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து அச்சுக்கு அடியில் செருகினால் சரியாக வெட்டும் என்று கண்டுபிடித்தாய். அந்த டிக்கெட் இன்னும் பொத்தான் டப்பாவுக்குள் இருக்கிறது, அது எதற்கு என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ அங்கே வேறு மிஷினில் வெட்டியிருந்தால் பிசிறு வராது. இங்கே வெட்டியிருந்தால் டிக்கெட் வைக்காமல் வெட்டமாட்டாய். அப்படியென்றால் வெட்டியது நம் மிஷின், கை மட்டும் நம் இருவருடையதும் இல்லை. அத்தை மேல்கூடக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன், ஆனால் ஒரு தடவை நகம் மாட்டியதிலிருந்து அவள் மிஷின் பக்கமே போவதில்லை. மறுநாள் சும்மா கேட்பதுபோல, இந்த மிஷின் கைப்பிடி ரொம்ப இறுகிடுச்சு, கொஞ்சம் சுத்திக் குடுங்களேன் என்றேன். அது எந்தப் பக்கம் சுத்தும்னுகூட எனக்குத் தெரியாதே என்றார் அப்பா. கேட்காத கேள்விக்கு எதற்கு இவ்வளவு வேகமான பதில்? கட்டை விரலில் காய்ந்திருந்த கோந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

மற்றபடி இங்கே வேலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஓய்வுபெறுகிறாராம், அறுபது அட்டை கேட்டிருக்கிறார்கள். தாள் கடைக்காரர் கனமான தாள் என்று சத்தியம் செய்து மெல்லிசான தாளைத் தலையில் கட்டப் பார்க்கிறார், நான் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன், என்னைக் கண்டதும் அவரே விளக்கைப் போட்டுவிடுகிறார். நீ காலையில் சாப்பிடாமல் ஓடாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் பையை நான் குடைந்த அன்று, உனக்கு யாரைத்தாம்மா நம்பத் தெரியும் என்று கேட்டுவிட்டுப் போனாய். நான் தேடியது வேறு, கிடைத்தது உன் வெளியூர் வேலை உத்தரவு. நீயே சொல்வதற்கு இரண்டு நாள் பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை. அது என் தப்பு. இந்த ஐந்து மாதமும் ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் பேசும்போது நான் அடுப்படியில் குழாயைத் திறக்காமல் நிற்பேன், என் பேர் வருகிறதா என்று. வராது. அப்பா போனை வைத்துவிட்டு, அவ உன்னையும் கேட்டா என்பார். அதையும் நான் நம்பியதில்லை, நம்பியதுபோல இருந்துவிட்டேன்.

அட்டையை அலமாரியில் நடுவில் வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் அப்பா அதை நேராக்கிவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு அட்டை வந்துச்சு என்று போனில் உன்னிடம் சொன்னால், எந்த அட்டை என்று மட்டும் கேட்டுவிடாதே. ஆமாம் என்று சொல்லிவிடு. உனக்காகக் கேட்கவில்லை, எனக்காகவும் இல்லை. நீ எழுத வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன், ஆனால் எழுதினால் பூவைத் திருப்பிப் பார்க்கமாட்டேன், இது சத்தியம். உடம்பைப் பார்த்துக்கொள். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், உன்னை நம்புகிறவர்கள் நடுவில் நீ நிறைவாக இருக்க வேண்டும். கதவைப் பூட்டினால் ஒரு தடவை இழுத்துப் பார்.

என்றும் உன்
அம்மா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு இதை மேசையிலேயே வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போனேன். மடிக்காமல் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அப்பா வீட்டில் இல்லை, நடக்கப் போயிருந்தார். பொத்தான் டப்பா திறந்திருந்தது. மிஷினில் பூ அச்சுக்கு அடியில் பஸ் டிக்கெட் நாலாக மடித்துச் செருகியிருந்தது. கடிதத்தின் மேல் ஒரு மஞ்சள் பூ இருந்தது. ஐந்து இதழிலும் பிசிறில்லை. அதையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன்.