ஒற்று மிகுந்த கதவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். உன் நலத்தை உன் எழுத்திலேயே அறிய விரும்புகிறேன், கைப்பேசியில் நீ அனுப்பும் கட்டைவிரல் படத்தை நான் பதிலாக ஏற்பதில்லை. புது லேசர் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். வேகமாக ஓடுகிறது, சிக்கலே அதுதான். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் உன் அம்மா நடுவில் வாங்கிப் பேசிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

பழைய இயந்திரம் உனக்குத் தெரியும். அதன் தலை இடமும் வலமுமாக ஊர்ந்து ஓர் எழுத்தைப் பொறிப்பதற்குள் வாசலில் ஒரு வாகனம் நின்று, ஆள் இறங்கி, வழி கேட்டுவிட்டுப் போய்விடும். ஒரு பெயர்ப்பலகை முடிவதற்குள் நான் தேநீர் குடித்து, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததைத் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று அவருக்கு விளக்கியும் விடுவேன். அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பியும் வந்துவிடுவார். அந்த மந்தம்தான் நம் பட்டறையின் பிழைதிருத்தும் பிரிவு. புதியதில் தலை அசைவதே இல்லை. உள்ளே இரண்டு சிறு கண்ணாடிகள் திரும்பித் திரும்பி ஒளியை வீசுகின்றன, ஒரு சீறல் கேட்கிறது, நான் மூக்குக்கண்ணாடியை மாட்டுவதற்குள் பலகை முழுவதும் எழுத்து. ‘மெதுவா இருந்தா ஆர்டரெல்லாம் கைவிட்டுப் போயிடும்ப்பா’ என்று நீ சொன்னதாலும், பிடிக்காவிட்டால் தகுந்த காரணத்தை எழுத்தில் கொடுத்து ஒரு மாதத்துக்குள் திருப்பலாம் என்று விற்பனையாளர் விதி வைத்திருந்ததாலும்தான் நான் சம்மதித்தேன். உன் அம்மாவோ முதல் நாளே அதைத் துடைப்பதற்கென்று ஒரு புதுத் துண்டு வாங்கிவிட்டாள். பழைய இயந்திரத்துக்குக் கிடைத்ததெல்லாம் என் கிழிந்த பனியன். நான் வேகத்தை நூற்றில் இரண்டாகக் குறைத்து வைப்பேன், அவள் ஏற்றி வைப்பாள். வேகம் குறைந்தால் ஒளி ஒரே இடத்தில் தங்கி மரம் கருகும் என்பதை நான் கருத்தில் கொள்ளவில்லை. ஒரு பல் மருத்துவரின் பெயர் அடுப்புக்கரியாகி வெளியே வந்தது. ‘இப்படி ஊர்ந்துக்கிட்டுப் போறதுக்கா புது மிஷின் வாங்கினோம், அதுக்குப் பேசாம நீங்களே ஆணியால கீறலாமே’ என்றாள். அன்றிலிருந்து வேகம் அவள் வசம்.

இந்தத் தெருவில் எனக்கு ‘ஒற்று சார்’ என்று பெயர். கேலியாக வைத்ததுதான், ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக நான் அதைப் பட்டமாகவே ஏற்று வந்திருக்கிறேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதிர்க் குடியிருப்பின் சங்கத் தலைவர், மாடிப்படியில் யார் செருப்பு வரிசை தவறிக் கிடந்தாலும் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்புவாரே அவர்தான், தம் செலவில் கட்டட வாசலுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதவு போட்டுக் கொடுத்தார். அதில் ஒட்டுவதற்கு ஒரு பலகை கேட்டார். மேல் வரி ‘சங்கத் தலைவர்’, கீழ் வரி ‘தந்த கதவு’. நான் வெளியே போயிருந்த வேளையில் உன் அம்மா தட்டச்சு செய்திருக்கிறாள். நடுவில் ஒற்று வருமா, வராதா என்று அவளுக்கு ஐயம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு ‘க்’ போட்டுவிட்டாள். ‘தந்த’ என்பது பெயரெச்சம், அதன்பின் வல்லினம் மிகாது. மிகுந்து ‘தந்தக் கதவு’ என்றானால் அது கொடுத்த கதவாக இராது, யானைத் தந்தத்தால் ஆன கதவாகிவிடும். பழைய இயந்திரமாக இருந்தால் நான் திரும்பி வரும்போது அது ‘சங்க’த்தில்தான் நின்றிருக்கும். புதியது பொறித்து முடித்து, இவள் துடைத்துக் கொடுத்து, தலைவர் கொண்டுபோய் ஒட்டி, அதன் முன் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

அக்கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவர் முன்னாள் செயலாளர், தலைவரோடு முகம் கொடுத்துப் பேசாதவர். அவர் பலகையைப் படித்த உடனே வனத்துறைக்குப் புகார் எழுதிவிட்டார். அலுவலர் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ‘பிளாஸ்டிக்குங்க, இதோ பாருங்க கம்பெனி ஸ்டிக்கர்’ என்று தலைவர் காட்டியதற்கு, ‘ஸ்டிக்கர் யார் வேணா ஒட்டலாம் சார், இது பொறிச்சிருக்கே, பொறிச்சு வச்சதை இல்லைன்னு நான் எப்படி எழுதுறது’ என்றாராம். இந்தக் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. நம் தொழிலே இதன்மேல்தான் நிற்கிறது. இவ்வளவு அகலமான தந்தம் வைத்திருந்த யானை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று தலைவர் கேட்டிருக்கிறார். அதுவும் விசாரணையில் தெரியவரும் என்று சொல்லிவிட்டு, சான்றுப் பொருளைத் திறக்கவோ மூடவோ கூடாது என்று கதவைச் சாத்தி அரக்கு முத்திரை வைத்துவிட்டார் அலுவலர்.

அக்கட்டடத்துக்கு வேறு வாசல் இல்லை. முன்னாள் செயலாளர் வீட்டுப் பின்கதவு ஒன்றுதான் வெளியே திறக்கும். ஆகவே மாடிகளில் குடியிருக்கும் அனைவரும் அவருடைய கூடத்தின் வழியாக, அவருக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே, ‘கொஞ்சம் காலை மடக்கிக்குங்கண்ணே’ என்று சொல்லிக்கொண்டு போய்வரத் தொடங்கினார்கள். மூன்றாம் மாடிக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி அவ்வழியே போயிற்று. தூக்கி வந்தவர்கள் இளைப்பாற அவர் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டதோடு, மின்விசிறியைக் கூட்டி வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். தலைவர் மட்டும் ஒவ்வொரு முறையும் அழைப்பு மணி அடித்து, முறையாக அனுமதி கேட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே மிக மெதுவாகக் கடந்தாராம்.

இறுதியில் புகார் கொடுத்தவர், கொடுக்கப்பட்டவர், அலுவலர் மூவருமாக நம் பட்டறைக்கு வந்தார்கள். ‘சார், நான் புகார் குடுத்தது அவர் மேல, தண்டனை எனக்கு நடக்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த க்-கை எடுத்துடுங்க’ என்றார் முன்னாள் செயலாளர். எழுத்து பிழையென்றால் அதை யார் போட்டது, ஏன் போட்டது என்று பட்டறை எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் படியைக் கதவில் ஒட்ட வேண்டும், அப்போதுதான் முத்திரையை எடுக்க முடியும் என்றார் அலுவலர். உன் அம்மா அதுவரை அந்தத் துண்டால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். ‘ஒற்று விட்டா இவர் திட்டுறார், போட்டா யானை வருது, மனுஷி என்னதான் செய்யறது’ என்று அலுவலரிடமே கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, ‘என் பேரையே எழுதிக் குடுங்க. மிஷினையும் திருப்பிக் குடுத்துடுங்க. நான் இனிமே இந்தக் கீபோர்டு பக்கமே வரல’ என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுத உட்கார்ந்தேன். இயந்திரத்தைத் திருப்புவதற்குத் தகுந்த காரணம், எழுத்து வடிவில், அரசு அலுவலரின் முன்னிலையில் என் கைக்கு வந்திருந்தது. அதன் வேகத்தால் என் மனைவி பிழை செய்தாள் என்று உள்ளதை உள்ளபடி ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி தெருவைப் பார்த்த கதவில் ஒட்டப்படும், அதன்பின் அவள் சொன்னபடியே செய்வாள். சொன்ன சொல்லை மீறாத பழக்கம் அவளுக்கு என்னைவிட அதிகம். ‘மேற்படி பலகையில் ககர ஒற்றை இட்டவன் நானே, நன்கு ஆலோசித்தே இட்டேன்’ என்று எழுதினேன். அலுவலர் வாசித்துவிட்டு, ஏன் என்பது வரவில்லையே என்றார். வேறொன்றும் தோன்றாததால் ‘அழகுக்காக’ என்று சேர்த்தேன். ‘படிச்சவர் மாதிரி இருக்கீங்க, அழகுக்கெல்லாமா எழுத்து போடுவாங்க’ என்று அவர் கேட்டபோது நான் கையெழுத்திட்டுத் தாளை நீட்டினேன். தலைவர் பரிதாபப்பட்டு என் தோளைத் தட்டினார்.

கதவு திறந்துவிட்டது. ஒற்று நீங்கிய புதுப் பலகையையும் உன் அம்மாவே பொறித்துக் கொடுத்தாள். என் வாக்குமூலம் பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. தெருவில் இப்போது என்னைத் ‘தந்தம் சார்’ என்கிறார்கள். இயந்திரத்தைத் திருப்ப வழியில்லை. ஆலோசித்து இட்டேன் என்று கையெழுத்திட்டவன், வேகத்தின்மேல் பழி போட்டு இன்னொரு தாளில் கையெழுத்திட முடியாது. நேற்று விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு கட்டுக் கேடயங்களை அவள் மதிய உணவுக்கு முன்பே முடித்துவிட்டாள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

நீ அங்கே புது வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படி. வேலை வேலையென்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து, நீ நிறைவோடு வாழ எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது உன் அம்மா இந்தக் கதையைச் சொல்வாள், அதில் அந்த ஒற்றை நான்தான் போட்டிருப்பேன். நீ மறுத்துப் பேசாதே. அக்கம்பக்கத்தில் பலமுறை சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள். ‘வயசானா எல்லாருக்கும் தப்பு வர்றதுதாங்க, விடுங்க’ என்று நேற்று மாலை என்னை மன்னித்தும் விட்டாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா