நூற்று முப்பதாம் சங்கீதமும் குரல் சோதனையும்

அக்டோபர் 3, 1911, செவ்வாய்
பாடகர் குழுவில் அறுபது கடந்தவர்களுக்கெல்லாம் குரல் சோதனையாம். குழுவை நடத்தப் புதிதாக வந்திருக்கும் லம்ப் சொல்லிவிட்டான். ஆலையில் தறி ஓட்டிக்கொண்டே டோ-ரே-மி சுர எழுத்துகளை நானே படித்து, ஆண்களின் அடிக்குரலான பேஸ் வரிசையில் இடம் பிடித்தவன் நான். எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தான்? ஸ்டான்ஸ்ஃபீல்ட் புதிதாக இசையமைத்த பைபிளின் நூற்று முப்பதாம் சங்கீதத்தை எங்கள் குழுதான் முதன்முதலாகப் பாடப்போகிறது. நான் இல்லாமலா? இல்லாமலே பாடட்டும். சோதனைக்குப் போகமாட்டேன்.

அக்டோபர் 5
கெசியா போய்விட்டு வந்திருக்கிறாள். பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவில் தேறிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவியா இவள்? "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா குரல் ஏறிடுமா, கிழவா?" என்கிறாள்.

அக்டோபர் 17
மாவு பிசைந்துகொண்டே பாடிப் பார்க்கிறாள். பாட்டின் நடுவில் ஒரு பக்கம் முழுக்க ஆர்கன் நின்றுவிடும்; வெறும் குரல்கள்தான். பேஸ் விடுகிற சுரத்திலிருந்து ஆல்டோ எடுக்கவேண்டும். வீட்டில் பேஸ் ஏது? தப்பாக எடுக்கிறாள். மறுபடியும் தப்பு. நான் பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தேன். உதவமாட்டேன்.

அக்டோபர் 18
உதவினேன். கரி அள்ளப் போன சாக்கில் கொல்லையில் நின்று பேஸைப் பாடினேன். உள்ளே அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து வாளியை அடுப்போரம் வைத்தேன்; அவள் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

நவம்பர் 9
தினமும் கரி அள்ளுகிறேன். வாளி வழிகிறது.

நவம்பர் 25, சனி
டவுன் ஹால். கேட்பவர்கள் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. ஆர்கன் நின்றது. பேஸ்காரர்கள் எடுத்தார்கள். என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. பக்கத்துச் சீமாட்டி குடைக்காம்பால் விலாவில் குத்தினாள். கெசியா பிசகில்லாமல் எடுத்தாள். எனக்குக் கண் கலங்கியது. ஜலதோஷம்.

வரும் வழியில் கையைக் கோத்துக்கொண்டாள். நான் பாடியது மேடை வரைக்கும் கேட்டதாம். கேட்டால் என்ன?
"சுருதி இறங்கிப்போச்சு, ஏனோக். உன்னை விட்டுட்டு மத்தவங்களப் பிடிச்சுக்கிட்டேன்."
பொய்யா? அவளுக்குப் பொய் வராதே.

நவம்பர் 28
லம்ப் வீட்டுக்குப் போனேன். நானாகத்தான். பியானோவில் ஒரு சுரம் கொடுத்து, ஆர்கன் இல்லாத அந்தப் பக்கம் முழுவதையும் பாடச் சொன்னான். முடித்ததும் அதே சுரத்தைத் திரும்பத் தட்டினான். அதற்கும் என் குரலுக்கும் நடுவே ஒரு ஆளே நுழைந்து போகலாம். அவன் பியானோவை மூடினான். தேநீர் குடிக்கிறீர்களா என்றான். குடிக்கவில்லை.
அந்தப் பியானோவும் ஒன்றும் யோக்கியமில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு
சேப்பலிலிருந்து வந்ததும் கெசியா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "எடு" என்றாள்.
எதை?
"உன் பேஸைத்தான். இங்கயே நில்லு, வெளிய குளிருது."
மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சங்கீதம் முழுவதும் பாடினோம். வெறும் குரல்கள் வரும் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நான் இறங்க இறங்க, அவளும் கூடவே இறங்கி வந்தாள்.